நான்காவது எண்ணிக்கை

1934 ஏப்ரல் 17, செவ்வாய்.

இன்று போட்டோ வகுப்பில் என் பயிற்சிப் பிளேட்டு ஒரு மூலையில் பெருவிரல் அளவுக்குப் பாழாகிவிட்டது. பிளேட்டு பழசு என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. ஹைப்போ தொட்ட விரலைக் கழுவாமல் டெவலப்பர் தட்டில் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து விரலை நாக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இனித்தது. ஹைப்போ மருந்துக்குத்தான் அந்த இனிப்பு. சனிக்கிழமை சுந்தரமூர்த்தி சாரிடம் சொல்லிவிடவேண்டும். இந்தக் கையை நம்பி அந்தப் பிளேட்டை எப்படித் தொடுவது?

ஷபீ அஹமது இதை எழுதி முடித்து ஒருமுறை படித்தான். 'பாழாகிவிட்டது' என்பதை அடித்துவிட்டு மேலே 'பாழாக்கினேன்' என்று எழுதினான். அதன்பிறகுதான் மை ஒற்றும் தாளை எடுத்து வைத்தான்.

ஆம்பூரில் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் அவனுக்குத் தொட்டிப் பதிவேடு எழுதும் வேலை. எந்தத் தொட்டியில் எத்தனை தோல், என்றைக்கு இறக்கியது, என்றைக்கு அடுத்த தொட்டிக்கு மாற்றியது என்று நாள் தவறாமல் குறிக்கவேண்டும். ஒரு நாள் மாற்றி எழுதினாலும் நூறு தோல் கெட்டுப்போகும். ஆறு வருஷத்தில் அப்படி ஒன்றும் கெட்டதில்லை. இருந்தாலும் எழுதியதை நான்கு தரம் சரிபார்க்காமல் அவனால் எழுந்திருக்க முடியாது. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் ஐந்தாம் தரம் பார்ப்பதும் உண்டு.

செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஆறு மணிக்கு பஜார் தெருவில் ஒரு தோல் கிடங்கின் மாடியில் போட்டோ வகுப்பு நடந்தது. வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் சுந்தரமூர்த்தி பாசஞ்சர் வண்டியில் வந்து நடத்திவிட்டுப் போவார். ஷபீயைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எட்டுப் பேர் படித்தார்கள். சிலருக்கு ஸ்டூடியோ வைக்கும் ஆசை. ஷாப்பில் கூட வேலை செய்யும் கலீமுல்லாவுக்குச் சாயங்காலப் பொழுது போனால் போதும். ஷபீ சேர்ந்தது ஒரே ஒரு பிளேட்டுக்காக. எடுத்து ஐந்து மாதமாகியும் கழுவாமல், கறுப்புத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த பிளேட்டு அது.

போன நவம்பர் இருபத்துநாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, பேரணாம்பட்டில் எடுத்தது. முதல் பிரசவத்துக்கு அவன் மனைவி வஜீதா தாய்வீடு போயிருந்தாள். பையன் பிறந்து பதினைந்து நாள். ஏழாம் நாள் முடி இறக்கி அப்துல் சமத் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில்வே கார்டு ஒருவரிடம் பழையதாக வாங்கிய கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷபீ பஸ் ஏறினான். கேமராவோடு வந்த ஆறு பிளேட்டில் ஐந்தை ரயில் பாலத்தையும் மாட்டு வண்டியையும் எடுத்து வீணாக்கியிருந்தான். மிச்சம் ஒன்று. அந்த கார்டு சொல்லிக்கொடுத்ததும் அதிகமில்லை: நிழலில் என்றால் லென்ஸ் மூடியைக் கழற்றி மூன்று எண்ணு, மூடு, பிளேட்டை வெளிச்சம் படாமல் ஸ்டூடியோவில் கொடு.

உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் வஜீதா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தொப்பி. அவளுடைய துப்பட்டாவின் ஓரத்தை அவன் பிடித்திழுத்ததில் அது தலையிலிருந்து நழுவிக் கழுத்தில் கிடந்தது. சரிசெய்துகொள் என்று ஷபீ கை காட்டினான். "இருக்கட்டும். இழுத்தா முழிச்சிடுவான்" என்றாள். படம் எடுத்து முடிந்தபிறகு சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதுல என் தலை தெரியும் இல்ல? அப்போ நீங்களேதான் கழுவணும். வேற ஆம்பள கண்ணுல பட்டுச்சுன்னா நான் உங்ககூட பேசமாட்டேன்."

நாலாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் கண்ட காய்ச்சல் விடிவதற்குள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. செய்தி வந்து ஷபீ பேரணாம்பட்டு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பையன் முகத்தை அவன் பார்த்தது மொத்தம் இரண்டே வெள்ளிக்கிழமைகள்.

வஜீதா தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஷபீ வெள்ளிதோறும் போனான். சாப்பாடு போடுவாள், ஊர்க்கதை கேட்பாள், சட்டையில் பொத்தான் போயிருந்தால் தைத்துக் கொடுப்பாள். வா போகலாம் என்று அவன் சொல்லும்போது மட்டும் உள்ளே எழுந்து போய்விடுவாள். சிரித்துக்கொண்டு போட்ட நிபந்தனை சிரிப்பில்லாமல் அப்படியே நின்றது. ஸ்டூடியோவில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. கொடுக்க முடியாது. கற்றுக்கொண்டுதான் கழுவவேண்டும். கற்றுக்கொண்டும் மூன்று மாதமாயிற்று. நன்றாக வந்த பயிற்சிப் பிளேட்டுகள் பதினெட்டு, கெட்டவை ஏழு என்று நோட்டில் இருந்தது. அந்த ஏழுதான் அவனை டிரங்குப் பெட்டியைத் திறக்கவிடவில்லை.

ஏப்ரல் இரண்டாவது வாரம் அவளிடமிருந்து உருதுவில் ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்புக்குப் பிறகு நாலே வரி. கண்ணை மூடினால் தொப்பி தெரிகிறது, போர்வை தெரிகிறது, முகம் தெரியவில்லை. போன மாதம்வரை தெரிந்தது. நீங்கள் எடுத்தது என்ன ஆயிற்று? அதைக் கொண்டுவந்தால் நான் உங்களோடு வந்துவிடுகிறேன்.

அந்தக் கடிதத்தை அவன் ஷாப்புக்கும் எடுத்துப் போனான். பதிவேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடையிடையே பிரித்து, அதே நாலு வரிதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை வகுப்பில் சுந்தரமூர்த்தி வெயில்காலத்தைப் பற்றிப் பேசினார். தண்ணீர் சூடாக இருந்தால் பிளேட்டின் மேல் இருக்கிற மருந்துப் பூச்சு இளகி, ஓரத்தில் சுருங்கி, தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். அந்தப் பூச்சில் இருப்பது ஜெலட்டின், மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது என்று அவர் சொன்னதும் கலீமுல்லா விடவில்லை.

"அப்போ நாம கப்பல்ல அனுப்பினதுதான் கண்ணாடியில ஒட்டிக்கினு திரும்பி வந்திருக்குதுன்னு சொல்லுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். படிகாரம் கரைத்த நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் பூச்சு இறுகும் என்றார் சுந்தரமூர்த்தி. பிறகு பொதுவாக ஒன்று சொன்னார்.

"எடுத்த பிளேட்ட ஊறுகாய் மாதிரி போட்டு வெக்காதீங்க. கத்திரி வெயில் ஆரம்பிச்சா உள்ள இருக்கிற உருவம் மங்கிப் பூடும். அப்புறம் எந்த மருந்து போட்டாலும் வராது."

"நம்ம ஷபீகிட்ட ஒண்ணு ஊறுது சார்," என்றான் கலீமுல்லா. "இவன் நாள் பார்த்து எடுக்கறதுக்குள்ள நமக்கெல்லாம் நரைச்சிடும்."

ஷபீயும் சிரித்துவைத்தான். விரலைக் கழுவாத விஷயத்தை வகுப்பு முடிந்ததும் சுந்தரமூர்த்தியிடம் சொன்னான். அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கத்திரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

படிகாரத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டு அவன் சோதித்திருந்தான். மூன்று கெட்ட பிளேட்டுகளை எடுத்து, ஒன்றைப் படிகார நீரிலும், ஒன்றை வெறும் தண்ணீரிலும், ஒன்றை ஷாப்பிலிருந்து புட்டியில் கொண்டுவந்த ஆவாரம்பட்டைச் சாற்றிலும் போட்டு, பிறகு மூன்றையும் வெந்நீரில் வைத்தான். வெறும் தண்ணீர்ப் பிளேட்டு கஞ்சியாகக் கரைந்தது. படிகாரம் ஓரத்தில் சுருங்கியது. பட்டைச் சாற்றில் கிடந்தது அசையவில்லை. பழுப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். தோல்தானே, தோலுக்கு ஆகிற வைத்தியம் இதற்கும் ஆகும் என்று அவனுக்குப் பட்டது. ஷாப்பில் பச்சைத் தோலை எடுத்ததும் கெட்டிச் சாற்றில் இறக்கமாட்டார்கள். மேலே மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே பச்சையாக நின்றுவிடும். நீர்த்த சாறு, நடுத்தரம், பிறகு கெட்டி என்று படிப்படியாகத்தான். அதே முறையில் இவனும் மூன்று கிண்ணம் கலந்து வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பின்னறையில் ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, கதவிடுக்கில் துணி செருகினான். வெளியில் அவன் தாய் மஹபூபி கதவோரமாக உட்கார்ந்துகொண்டு, யாரும் திறந்துவிடாமல் காவல் இருந்தாள். உருவப்படம் வீட்டில் கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னவள்தான். முட்டி வீக்கத்தால் பேரணாம்பட்டு போகமுடியாமல், பேரனை நாற்பதாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவள். "மெதுவா செய்" என்று மட்டும் சொன்னாள்.

ஈரச் சாக்குச் சுற்றி இரவெல்லாம் வைத்திருந்த பானைத் தண்ணீர் பாரன்ஹீட்டில் எழுபத்தொன்பது டிகிரி காட்டியது. சிவப்புக் கண்ணாடி லாந்தரின் வெளிச்சத்தில் அவன் கறுப்புத் தாளைப் பிரித்தான். வெறும் பால் நிறக் கண்ணாடி. தட்டில் டெவலப்பரை ஊற்றி, தட்டை ஒரு பக்கம் தூக்கி இறக்கி ஆட்டத் தொடங்கினான். முப்பது எண்ணும்வரை ஒன்றுமில்லை. முப்பத்தைந்தில் ஒரு கறை. நெகட்டிவில் வெள்ளைதான் முதலில் கறுத்து வரும் என்பது தெரியும், அது தொப்பி. பிறகு துப்பட்டா. பிறகு ஒரு சின்னக் கை முஷ்டி, விரல் மடிப்போடு. வஜீதாவின் நெற்றியும் வகிடும் வந்தன. தொப்பிக்குக் கீழே முகம் வரவேண்டிய இடம் கலங்கலாகத் திரண்டது.

அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. ஒரு மூலையில் பூச்சு நெளிந்து எழும்பத் தொடங்கிவிட்டது. அலசி, நீர்த்த சாற்றில் மூன்று நிமிஷம், நடுத்தரத்தில் மூன்று, கெட்டியில் நான்கு. எழும்பிய மூலை அப்படியே நின்றது. வஜீதாவின் முழங்கைக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்ததோடு சரி. ஹைப்போவில் போட்டு, கழுவி, கம்பளியை விலக்கியபோது விடிந்து வெயில் வந்திருந்தது. தேநீர் நிறப் பழுப்பு ஏறியிருந்த பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ஐந்து மாதமாக அவன் பயந்ததெல்லாம் கழுவும்போது கெடுத்துவிடுவோம் என்றுதான். கழுவியதில் குற்றமில்லை. வஜீதா கண்ணிமைவரைக்கும் தெளிவாக இருந்தாள். முஷ்டி தெளிவாக இருந்தது. குழந்தையின் முகத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகம். தோளில் சாய்ந்து தூங்குகிற ஒன்று, கேமராவைப் பார்த்துத் திரும்புகிற ஒன்று. இரண்டும் கலந்து, மூக்கு எங்கே கன்னம் எங்கே என்று பிரியாமல், புகையாக இழுபட்டிருந்தன.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. கார்டு சொன்னது மூன்று. தாழ்வாரத்தில் வெளிச்சம் போதாதோ என்று சந்தேகப்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவன் நான்கு எண்ணினான். முதல் மூன்றை மனதுக்குள் எண்ணியவன், நான்காவதைச் சந்தேகத்தோடு வாய்விட்டுச் சொன்னான். குழந்தை திரும்பியது அப்போதுதான். குரலைக் கேட்டுத் திரும்பினானா, தானாகத் திரும்பினானா, யாருக்குத் தெரியும்? மூன்றோடு மூடியிருந்தால் தூங்குகிற முகமாவது முழுசாகக் கிடைத்திருக்கும்.

கதவைத் திறந்தான். மஹபூபி எழுந்திருக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் காயவேண்டும் அம்மி என்று சொல்லிவிட்டு ஷாப்புக்குப் போனான். அன்று பதிவேட்டை ஒரு தரம்கூடச் சரிபார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் டச்சிங் பாடம். நெகட்டிவின் மேல் பிசின் எண்ணெய் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி வைத்தால், தாளில் அந்த இடம் வெளுத்து வரும். அம்மைத் தழும்பு, கண்ணடிக் கருவளையம் எல்லாம் மறையும். கறுப்பு வேண்டிய இடத்தில் சின்னக் கத்தியால் பூச்சைச் சுரண்டவேண்டும். "வெளுப்புக்குப் பென்சில், கறுப்புக்குக் கத்தி" என்றார் சுந்தரமூர்த்தி. "பென்சில் தப்பாப் போனா டர்ப்பன்டைன் வெச்சுத் துடைச்சிடலாம். கத்தி தப்பாப் போனா போனதுதான்."

எல்லோரும் போனபிறகு ஷபீ தயங்கித் தயங்கிக் கேட்டான். ஆடிப்போன முகத்தை இப்படிச் சரிசெய்ய முடியுமா?

"முடியாம இன்னா பாய். வேலூர்ல வாரத்துக்கு ரெண்டு வருது. கொழந்தைங்க எங்க சும்மா இருக்குது? ஒரு முகத்தப் பென்சிலால மூடிடு. இன்னொண்ணுக்குக் கண்ணு ரெண்டும் வாயும் கத்தியில கீறி வெச்சிடு. பெத்தவளே பார்த்துட்டு, என் புள்ளதான்னு கண்ணுல ஒத்திப்பா."

"அது அந்தப் புள்ள முகமா இருக்குமா சார்?"

சுந்தரமூர்த்தி பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "கைக்கொழந்தைக்கு ஏது பாய் தனி முகம்? பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு வேணும். அதக் குடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதனும் வியாழனும் சாயங்காலம் ஷாப்பு விட்டதும் ஷபீ நேராக வீட்டுக்கு வந்தான். பின்னறை ஜன்னலோரம் பிளேட்டைச் சாய்த்து வைத்து, அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தை மேலே திருப்பினான். புதனன்று பென்சில் வேலை. அவனுக்குப் பொறுமையான கை. திரும்பிய முகத்தைப் புள்ளி புள்ளியாக அடைத்து மூடினான். இருட்டுவதற்குள் ஒரு கன்னம், ஒரு நெற்றி என்று ஒற்றை முகத்தின் உருண்டை வந்துவிட்டது. வியாழனன்று கண் வைக்கவேண்டும். மூடிய கண், மேலிமையில் ஒரு வளைவு, அவ்வளவுதான். கத்தியை எடுத்தான்.

எவ்வளவு வளைவு? இமை ஓரம் மேலே ஏறியிருந்ததா, கீழே இறங்கியிருந்ததா? கண்ணை மூடி யோசித்தான். தொப்பி தெரிந்தது. போர்வையில் பச்சைக் கரை தெரிந்தது. இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் முகத்தைக் குனிந்து பார்த்ததும் நன்றாக நினைவிருந்தது, ஆனால் குனிந்த இடத்தில் ஒன்றுமில்லை. வஜீதா எழுதியது அவனுக்கும் ஆகியிருந்தது. அவன் தேடிப் பார்க்காததால் தெரியாமல் இருந்திருக்கிறது.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இவன் எப்படிக் கீறினாலும் அவள் ஏற்றுக்கொள்வாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். ஒரு மாதத்தில் கண்ணை மூடினால் அந்த முகம் வரும். ஆம்பூருக்கும் வந்துவிடுவாள். பக்கத்திலேயே இருந்துகொண்டு, ஒரு தொட்டிக் குமாஸ்தா வியாழக்கிழமை சாயங்காலம் உத்தேசமாக வரைந்த இமையைப் பிள்ளையின் இமை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவனும் ஆமாம் என்று சொல்லவேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லவேண்டும்.

அவள் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தான். ஐந்து மாதம் காத்திருந்தவளிடம் புகையைக் கொண்டுபோய்க் காட்டினால் அவள் எழுந்து உள்ளே போய்விடலாம். இந்த முறை திரும்பி வெளியே வராமலும் இருக்கலாம். அந்தப் பயத்தில் மறுபடியும் கத்தியைப் பிளேட்டின் அருகே கொண்டுபோனான். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கத்தி முனை பூச்சைத் தொட ஒரு நூல் இருக்கும்போது நிறுத்தி, கீழே வைத்தான்.

பஞ்சில் டர்ப்பன்டைனைத் தோய்த்து, புதன்கிழமைப் பென்சில் முழுவதையும் துடைத்தான். இழுபட்ட இரண்டு முகமும் மறுபடி வந்தன. துடைத்து முடித்துப் பார்த்தபோது, திரும்புகிற முகத்தில் வாயோரம் ஒரு சின்ன வெளிச்சம் இருப்பது தெரிந்தது. பென்சில் போடும்போது அதை அடைத்துவிட்டிருந்தான். அது வாய் திறந்ததா, வெறும் கறையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மஹபூபி விளக்கேற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிளேட்டைப் பிடித்துக் காட்டினான். நெகட்டிவைப் பார்த்துப் பழக்கமில்லாதவள், கறுப்பும் வெளுப்பும் மாறிக் கிடந்ததில் வெகுநேரம் தேடினாள். கடைசியில் முஷ்டியைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைக்கப் போனாள்.

"தொடலாமா?"

"காஞ்சிடுச்சு அம்மி. தொடு."

அவள் கண்ணாடியின் பின்பக்கமாக அந்த இடத்தைத் தொட்டாள். பிறகு விளக்கை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஷபீ நோட்டை எடுத்தான்.

1934 ஏப்ரல் 26, வியாழன்.

டச்சிங் செய்ததைத் துடைத்துவிட்டேன். கத்தி போடவில்லை. பிளேட்டில் பழுப்பு ஜாஸ்தி ஏறியிருப்பதால் தாளில் படம் இறங்க வெயிலில் ஒன்றரை மணி நேரமாவது வைக்கவேண்டும் என்று பயிற்சிப் பிளேட்டில் பார்த்ததில் தெரிகிறது. சரியாக இருக்குமா என்பது நிச்சயமில்லை.

நாளை வெள்ளி. காலை ஏழு மணி பஸ்ஸில் பேரணாம்பட்டு போகவேண்டும். பிளேட்டு, அதைத் தாளோடு சேர்த்துப் பிடிக்கும் அச்சுச் சட்டம், வெயிலில் படம் இறங்கும் தாள் நான்கு, ஹைப்போ ஒரு பொட்டலம், கழுவ இரண்டு தட்டு. தட்டுகளைத் துணியில் சுற்றவேண்டும். வஜீதாவை முற்றத்தில் உட்காரவைத்து, அச்சுப் போடுவதற்கு முன்னாலேயே முகம் ஆடியிருப்பதையும், மூன்றுக்குப் பதில் நான் நான்கு எண்ணியதையும் சொல்லவேண்டும். அதன்பிறகு சட்டத்தை அவள் கையில் கொடுத்து வெயிலில் வைக்கச் சொல்லவேண்டும்.